பேதுருவின் அன்பு குறைந்த அன்பா?

யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம் ஒரு கடற்கரையில் நடக்கிறது. இரவு முழுக்க வலை வீசியும் ஒன்றும் அகப்படாத சீஷர்கள் விடியற்காலையில் திபேரியாக் கரைக்குத் திரும்புகிறார்கள். அங்கே கரிநெருப்பில் மீனும் அப்பமும் தயாராக இருக்கின்றன. மூட்டி வைத்தவர் உயிர்த்தெழுந்த இயேசு. எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் அவர் சீமோன் பேதுருவைப் பார்த்து, தன்மேல் அன்பு உண்டா என்று மூன்று முறை கேட்கிறார். பேதுருவும் மூன்று முறை பதில் சொல்கிறார்.

இந்தப் பகுதியின்மேல் நான் கேட்ட பிரசங்கங்களில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் போனவை. கிரேக்கத்தில் அன்புக்குப் பல சொற்கள் உண்டு. அகாபே என்பது தேவ அன்பு, ஒன்றையும் எதிர்பாராமல் தன்னையே கொடுக்கும் அன்பு. ஃபிலியா என்பது நட்பு, மனிதப் பாசம் என்று போதகர் தொடங்குவார். இயேசு முதல் இரண்டு முறையும் 'அகபாவோ' என்ற வினைச்சொல்லால் கேட்டார், பேதுருவோ 'ஃபிலெயோ' என்ற வினைச்சொல்லால் பதில் சொன்னார், அகாபேயின் உயரத்துக்கு ஏற அவருக்குத் துணிவில்லை என்பார். மூன்றாம் முறை இயேசுவே ஒரு படி இறங்கி 'ஃபிலெயோ' என்று கேட்டார், அந்த இறக்கம்தான் பேதுருவைத் துக்கப்படுத்தியது என்று முடிப்பார். வேதபாட நூல்களிலும் இதே விளக்கத்தைப் பார்க்கலாம்.

கேட்பவர் மனதை அது தொடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது என்ன செய்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். அப்படியொரு பிரசங்கம் முடிந்து வெளியே வரும்போது, வருஷக்கணக்காக விடியுமுன் எழுந்து ஜெபிக்கிற ஒரு வயதான அம்மா என்னிடம் சொன்னார்: "எனக்கு இருக்கிறதெல்லாம் பாசந்தான் தம்பி. அந்த அகாபே எல்லாம் நமக்கு எங்க வரப்போகுது?" அவருடைய அன்பு இரண்டாந்தரம் என்று அன்று காலை அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. ஒரு கிரேக்க வினைச்சொல்லின் பெயரால் நடந்த காரியம் அது. அந்த வினைச்சொல்லுக்கோ அப்படி ஒரு பொருளே கிடையாது. பரலோக அன்புக்கு ஒன்று, பூலோக அன்புக்கு ஒன்று என்று இந்த இரண்டு வினைகளும் யோவானிடத்தில் பங்கு பிரிந்து நிற்கவில்லை. மற்ற வேத நூல்களிலும் அப்படி நிற்கவில்லை.

முதல் சாட்சியாக யோவானையே அழைக்கிறேன். பிதா குமாரனை நேசிக்கிறார் என்று அவர் இரண்டு இடங்களில் எழுதுகிறார். 3:35இல் வரும் வினை அகபாவோ. 5:20இல் வருவது ஃபிலெயோ. ஃபிலெயோ வெறும் மனிதப் பாசம் என்றால், பிதா குமாரன்மேல் வைத்திருக்கும் அன்பு இரண்டு அதிகாரங்களுக்குள் தேய்ந்துவிட்டதா? 16:27இல் பிதா சீஷர்களை நேசிப்பதும், சீஷர்கள் இயேசுவை நேசித்ததும் ஒரே வசனத்தில் வருகின்றன. இரண்டுக்கும் ஃபிலெயோதான். இயேசுவுக்கு அன்பான சீஷனைப் பற்றி 13, 19, 21ஆம் அதிகாரங்களில் அகபாவோ வருகிறது. 20:2இல் அதே சீஷனுக்கு ஃபிலெயோ. லாசருவின் கதையில் சகோதரிகள் அனுப்பிய செய்தியில் ஃபிலெயோ, இரண்டு வசனம் தள்ளி யோவான் தாமே சொல்லும்போது அகபாவோ, இயேசு கண்ணீர் விட்டதைப் பார்த்த யூதர்கள் வாயில் மறுபடியும் ஃபிலெயோ. லாசரு ஒருவன்தான், அவன்மேல் இயேசு வைத்த அன்பும் ஒன்றுதான்.

அகபாவோ எப்போதும் உயர்ந்த அன்பா என்பதற்கும் யோவானே பதில் வைத்திருக்கிறார். மனிதர் ஒளியைவிட இருளை நேசித்தார்கள் என்று 3:19 சொல்கிறது. தேவனால் வரும் மகிமையைவிட மனுஷரால் வரும் மகிமையை அவர்கள் நேசித்தார்கள் என்று 12:43 சொல்கிறது. இரண்டிலும் வினை அகபாவோ. இருளின்மேல் வைத்த அன்பைத் தன்னலமற்ற தேவ அன்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மற்றப் புதிய ஏற்பாட்டு ஆசிரியர்களிடம் போனாலும் இதே நிலைதான். தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசை வைத்துப் பவுலை விட்டுப் போனான். அந்த ஆசைக்கு 2 தீமோத்தேயு 4:10இல் வரும் வினை அகபாவோ. பரிசேயர் முதன்மையான இடங்களை விரும்புவதை மத்தேயு 23:6 ஃபிலெயோவால் சொல்கிறது, லூக்கா 11:43 அகபாவோவால் சொல்கிறது. தேவன் தாம் நேசிக்கிறவர்களைச் சிட்சிக்கிறார் என்ற நீதிமொழிகளின் போதனையை எபிரெயர் 12:6 அகபாவோவோடு எடுத்தாள்கிறது. வெளிப்படுத்தல் 3:19இல் உயிர்த்தெழுந்த கிறிஸ்துவே அதே கருத்தைப் பேசும்போது வினை ஃபிலெயோ. கர்த்தரை நேசியாதவன் சபிக்கப்பட்டவன் என்று 1 கொரிந்தியர் 16:22இல் பவுல் எழுதுகிறார். அங்கே அவர் கையாண்ட வினையும் ஃபிலெயோ. இந்த அன்பு கர்த்தருக்குப் போதாத அன்பாக இருந்திருந்தால், பவுல் தம் நிருபத்தின் முடிவில் இதையே அளவுகோலாக நாட்டியிருப்பாரா?

இந்த ஆசிரியர்கள் வாசித்து வளர்ந்த கிரேக்க வேதம் செப்துவஜிந்து. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் யூதர்கள் எபிரெயத்திலிருந்து பெயர்த்தது அது. அதில் அம்னோன் தன் சகோதரி தாமார்மேல் கொண்ட மோகத்துக்கு, 2 சாமுவேல் 13இல், அகபாவோ என்ற வினைதான் வருகிறது. அவளைக் கெடுத்தபின் அவனுக்கு உண்டான வெறுப்பு முன்பிருந்த அன்பைவிடப் பெரிதாயிருந்தது என்று சொல்லும் 15ஆம் வசனத்தில் 'அகாபே' என்ற பெயர்ச்சொல்லே வருகிறது. ஒரு பெண்ணைக் கற்பழித்தவனின் ஆசைக்கு அந்த மொழிபெயர்ப்பாளர்கள் தேர்ந்துகொண்ட சொல் அது. தீனாளைத் தீட்டுப்படுத்திய சீகேமுக்கும் அதே வினை. சோரேக் பள்ளத்தாக்கில் தெலீலாள்மேல் சிம்சோன் வைத்த ஆசைக்கும் அதே வினை. யாக்கோபு யோசேப்பை நேசித்ததை ஆதியாகமம் 37:3 அகபாவோவால் சொல்கிறது. அடுத்த வசனத்தில், சகோதரர்கள் அதைக் கண்டு பகைக்கும்போது, அதே தகப்பனின் அதே அன்பு ஃபிலெயோ ஆகிறது. நீதிமொழிகள் 8:17இல் ஞானம் தன்னை நேசிக்கிறவர்களைத் தானும் நேசிப்பதாகப் பேசுகிறது: அவர்கள் பக்கம் ஃபிலெயோ, ஞானத்தின் பக்கம் அகபாவோ, இரண்டும் ஒரே வாக்கியத்தில். யோவானுடைய காதுக்குப் பழகிய கிரேக்கம் இது.

அப்படியானால் அகபாவோ என்ற சொல் வேதத்தில் இவ்வளவு மிகுதியாக வருவானேன் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. புதிய ஏற்பாட்டில் அகபாவோ 143 முறை, ஃபிலெயோ 25 முறை. இந்த வித்தியாசத்தை வைத்தே, கிறிஸ்தவர்கள் தங்கள் புதிய அன்புக்கு ஒரு புதிய சொல்லைத் தேடிப் பிடித்தார்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அகபாவோ ஹோமரின் காலத்திலேயே கிரேக்கத்தில் புழங்கிய வினை. அது பெருகிய விதத்தை ரொபேர் ஜோலி என்ற அறிஞர் 1968இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாகக் காட்டினார். பழைய கிரேக்கத்தில் நேசிப்பதற்கான பொதுவினை ஃபிலெயோதான். நாளடைவில் அதற்கு 'முத்தமிடு' என்ற பொருளும் ஏறிக்கொண்டது. யூதாஸ் இயேசுவை முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கப் போவதைச் சொல்லும் மாற்கு 14:44இல் இருப்பது இந்த ஃபிலெயோவே. ஒரு சொல் இரண்டு சுமை தூக்கத் தொடங்கியதும், நேசிப்பதைக் குறிக்கும் வேலை மெல்ல மெல்ல அகபாவோவின் தோளுக்கு மாறியது. கிறிஸ்துவுக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே, கிறிஸ்தவர்களல்லாத கிரேக்க எழுத்தாளர்களிடம் இந்த மாற்றம் தொடங்கிவிட்டது. இன்றைய கிரேக்கத்தில் அது முற்றுப்பெற்றும் விட்டது: அங்கே 'அகபோ' என்றால் நேசிக்கிறேன், 'ஃபிலோ' என்றால் முத்தமிடுகிறேன்.

தமிழ் படித்தவருக்கு இது புதிதல்ல. 'நாற்றம்' என்ற சொல் பழைய தமிழில் நறுமணத்தைக் குறித்தது. பிற்காலத்தில் அது கெட்ட வாடையைக் குறிக்கத் தொடங்கியதும், பூவுக்கு 'மணம்', 'வாசனை' என்று சொல்லத் தொடங்கினோம். இதைப் பார்த்து, மணம் என்பது தெய்விகமான வாடை, நாற்றம் என்பது மண்ணுக்குரிய வாடை என்று ஒருவர் சங்கப் பாடலுக்கு உரை எழுதினால் ஒப்புக்கொள்வோமா? சொற்கள் இடம் மாறுவது மொழியின் இயல்பு. மொழி தன் போக்கில் செய்த மாற்றத்தைப் பரிசுத்த ஆவியானவரின் இரகசியக் குறிப்பாக வாசிப்பது மொழிக்கும் நியாயமல்ல, வேதத்துக்கும் நியாயமல்ல.

இனி 21ஆம் அதிகாரத்தின் அந்த மூன்று வசனங்களுக்கு வருகிறேன். 15 முதல் 17 வரை யோவான் மாற்றி மாற்றிக் கையாளும் சொற்கள் அன்புக்கான இரண்டு வினைகள் மட்டுமல்ல. ஆட்டுக்குட்டிகளுக்கு ஒரு சொல், ஆடுகளுக்கு ஒரு சொல். மேய்ப்பதற்கு 'பொஸ்கோ', 'பொய்மைனோ' என்று இரண்டு வினைகள். பேதுரு மூன்றாம் முறை "நீர் அறிவீர்" என்னும் பொருளில் பேசும்போது 'ஒய்தா', 'கினோஸ்கோ' என்று இரண்டு வினைகள். ஆக, மூன்றே வசனத்தில் நான்கு இணைகள். அதே அதிகாரத்தில் மீனுக்கு மட்டும் மூன்று சொற்கள், வலையை இழுப்பதற்கு இரண்டு. ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லாமல் மாற்றிச் சொல்வது இந்த ஆசிரியரின் நடை. மற்ற எல்லா இணைகளையும் நடையழகு என்று விட்டுவிட்டு, ஒன்றை மட்டும் இறையியல் படிக்கட்டாக்க நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

தமிழ்ச் சபைகளில் அந்தப் பிரசங்கம் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டதற்கு நம் மொழிபெயர்ப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பழைய தமிழ் வேதாகமம் இந்த வசனங்களில் அன்பாயிருத்தல், நேசித்தல் என்று இரண்டு சொற்களையும் கவனமாகப் பிரித்துத் தருகிறது. ஆனால் பொஸ்கோவும் பொய்மைனோவும் தமிழில் 'மேய்' என்ற ஒரே வினைக்குள் அடங்கிவிட்டன. ஒய்தாவும் கினோஸ்கோவும் 'அறி' என்பதற்குள் மறைந்துவிட்டன. வாசிப்பவர் கண்ணில் படும் வினைமாற்றம் அன்பு ஒன்றில் மட்டுமே என்பதால், அதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றிவிடுகிறது. அப்போதும் ஒன்றைக் கவனியுங்கள். அன்பாயிருக்கிறாயா என்று கேட்டவருக்கு நேசிக்கிறேன் என்று பதில் சொன்னால், குறைத்துச் சொன்னதாக எந்தத் தமிழ்க் காதுக்காவது படுகிறதா? கிரேக்கக் காதுக்கும் அப்படித்தான்.

இலக்கணமும் இதையே சொல்கிறது. முதல் இரண்டு பதில்களையும் பேதுரு "ஆம்" என்று தொடங்குகிறார். கேட்ட அன்பு தன்னிடம் இல்லை, வேறொன்றுதான் இருக்கிறது என்பது அவர் கருத்தானால், அந்த "ஆம்" பொய்யாகும். தன் மனதை அறிந்தவர் நீரே என்று ஆண்டவரையே சாட்சிக்கு அழைத்துக்கொண்டு அப்படி ஒரு பொய்யைச் சொல்லியிருப்பாரா? அடுத்தது எண்ணிக்கை. 16ஆம் வசனத்தில் "இரண்டாம் முறை" என்றும், 17ஆம் வசனத்தில் "மூன்றாம் முறை" என்றும் யோவான் எண்ணிச் சொல்கிறார். 'ஃபிலெயோ' வினையில் வரும் அந்தக் கேள்வியை இயேசு மூன்றாம் முறை கேட்டதனால் பேதுரு துக்கப்பட்டார் என்பது யோவானின் விளக்கம். பிரசங்கத்தின்படி பார்த்தால் ஃபிலெயோ கேள்வி ஒரே ஒரு முறைதான் கேட்கப்பட்டது. யோவானோ அதை மூன்றாவது என்கிறார். முந்தைய இரண்டு கேள்விகளும் இதே கேள்விதான் என்று ஆசிரியரே கணக்குக் காட்டிவிட்டபின், இரண்டும் வேறு என்று சொல்ல நமக்கு இடமில்லை.

இந்த வேறுபாட்டை வலியுறுத்தியவர்கள் தங்களுக்குள்ளும் ஒத்துப்போகவில்லை. பின்னாளில் ஆங்கிலிக்கன் பேராயரான டிரெஞ்ச், 1854இல் வெளியிட்ட ஒருபொருட்சொல் நூலில், ஃபிலெயோதான் நெருக்கமான அன்பு, அகபாவோ பேதுருவின் கொதிக்கும் மனதுக்குக் குளிர்ந்த சொல்லாகப் பட்டது என்றார். அதே நூற்றாண்டின் இன்னொரு பேரறிஞரான வெஸ்ட்கட், அகபாவோதான் உயர்ந்தது என்று நேரெதிராக உரை எழுதினார். ஒரே வேறுபாட்டை வைத்துக்கொண்டு ஒருவர் ஏற்றம் காண்கிறார், இன்னொருவர் இறக்கம் காண்கிறார். அந்த ஏற்ற இறக்கம் உரைகாரர் கொண்டுவந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கிரேக்கத்தையே பேச்சுமொழியாகக் கொண்டு இந்தச் சுவிசேஷத்துக்கு விளக்கம் எழுதிய கிறிசோஸ்தமும், அலெக்சாந்திரியாவின் சிரிலும் இந்தப் பகுதியில் அன்பின் இரண்டு தரங்களைக் காணவில்லை. இலத்தீன் மொழிபெயர்ப்பு இரண்டு வினைகளையும் பிரித்தே காட்டியது. ஆனாலும் அகஸ்தீன் 'கடவுளின் நகரம்' 14ஆம் புத்தகத்தில் இதே வசனங்களை எடுத்து, இரண்டு சொற்களும் ஒரே பொருளைத் தருகின்றன என்று நிறுவ அவற்றைச் சான்றாக்கினார். இயேசுவும் பேதுருவும் பேசிய அரமேயத்துக்கு நெருங்கிய சீரிய மொழியின் பெஷித்தா, கேள்விகளையும் பதில்களையும் ஒரே வினையால் பெயர்த்திருக்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். நேசி என்று கட்டளையிடும்போது புதிய ஏற்பாடு எப்போதும் அகபாவோவைத்தான் ஆள்கிறது. ஃபிலெயோ ஏவல் வடிவில் ஒரு முறைகூட வருவதில்லை. சத்துருக்களை நேசிப்பதும் அகபாவோதான். உண்மையே. ஆனால் தேவனை நேசி என்ற உபாகமத்தின் கட்டளையும், பிறனை நேசி என்ற லேவியராகமத்தின் கட்டளையும் செப்துவஜிந்திலேயே அகபாவோவில் அமைந்துவிட்டன. கட்டளை மொழி அந்த அச்சில் வார்க்கப்பட்டது. பின்வந்தவர்கள் அந்த அச்சையே எடுத்துக்கொண்டார்கள். ஒரு சொல் எந்தச் சூழலில் அதிகம் வருகிறது என்பது ஒன்று. அது எந்தத் தரத்தைக் குறிக்கிறது என்பது வேறொன்று. பாவிகளும் தங்களை நேசிக்கிறவர்களை நேசிக்கிறார்களே என்று லூக்கா 6:32இல் இயேசு கேட்கும்போது, கைம்மாறு பார்க்கும் அந்த அன்புக்கும் வினை அகபாவோதான். இரண்டு சொற்களும் எல்லா இடத்திலும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. முத்தமிடுவதற்கு அகபாவோ உதவாது. யோவான் 21இல் அவை இரண்டு தரங்களாக நிற்கவில்லை என்பதே என் வாதம்.

கிறிஸ்துவின் அன்புக்கு நிகரில்லை என்பதையும் நான் மறுக்கவில்லை. 1930இல் வெளிவரத் தொடங்கிய ஆண்டர்ஸ் நீக்ரெனின் 'ஈராஸும் அகாபேயும்' என்ற நூல் அந்த நிகரின்மையைக் காட்ட முயன்றது. அகாபே என்ற சொல் இருபதாம் நூற்றாண்டு மேடைகளில் கொடியாகப் பறந்ததில் அதற்குப் பெரிய பங்குண்டு. சிக்கல், ஒரு கருத்தின் கனத்தை முழுக்க ஒரு சொல்லின் தலையில் ஏற்றி, அந்தச் சொல் வரும் இடமெல்லாம் அந்தக் கனம் இருக்கிறது என்று எண்ணுவதில் இருக்கிறது. ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட வேதாகமச் சொற்பொருள் நூலில் இந்தத் தவறைத்தான் கடுமையாகச் சாடினார். இறையியலைத் தாங்குவது வாக்கியம், தனிச்சொல் அல்ல. ரோமர் 5:8 தேவ அன்பை விளக்குகிறதென்றால், நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்ற செய்தியால் விளக்குகிறது. அங்கிருக்கும் அகாபேக்கு அந்த ஒளியைக் கொடுத்தது சிலுவை.

சொல்லைத் தோண்டிக்கொண்டிருந்ததில் கதையைத் தவறவிட்டோம் என்பதே என் பெரிய வருத்தம். கரிநெருப்பைக் குறிக்கும் 'அந்த்ராகியா' என்ற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடத்தில் வருகிறது. ஒன்று யோவான் 18:18. பிரதான ஆசாரியனின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டு ஆண்டவரை மறுதலித்த நெருப்பு அது. மற்றது இந்தக் கடற்கரை நெருப்பு. அங்கே மூன்று மறுதலிப்பு, இங்கே மூன்று கேள்வி. மூன்றாம் கேள்வியில் பேதுருவின் நெஞ்சு உடைந்ததற்கு வேறு விளக்கம் தேவையே இல்லை. யோவான் நம்மை எண்ணச் சொல்கிறார். நாம் அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.

கேள்விகளுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதையும் அந்தப் பிரசங்கம் கண்டுகொள்வதில்லை. குறைந்த அன்போடு வந்தவர் என்று இயேசு பேதுருவுக்குக் குறைந்த வேலை கொடுக்கவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் தம் மந்தையையே ஒப்படைக்கிறார். உடனே 18, 19ஆம் வசனங்களில், பேதுரு எவ்விதமான மரணத்தினால் தேவனை மகிமைப்படுத்துவார் என்று முன்னறிவிக்கிறார். ஆண்டவருக்காக ஜீவனையும் கொடுப்பேன் என்று 13ஆம் அதிகாரத்தில் பேதுரு சொன்ன வாக்கு, அன்றிரவே உடைந்துபோன வாக்கு, நிறைவேறும் என்று இங்கே உறுதி செய்யப்படுகிறது.

இதோடு 15:13ஐச் சேர்த்து வாசியுங்கள். சிநேகிதருக்காக ஜீவனைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பு ஒருவனிடத்திலும் இல்லை என்று இயேசு போதித்த இடம் அது. அந்த ஒரே வாக்கியத்தில் பெரிய அன்புக்கு வரும் சொல் அகாபே. சிநேகிதருக்கு வரும் சொல் ஃபிலெயோவின் குடும்பத்துச் சொல்லான 'ஃபிலோஸ்'. தாழ்ந்ததென்று நம் மேடைகள் ஒதுக்குகிற சொல்லும், உயர்ந்ததென்று தூக்குகிற சொல்லும் இயேசுவின் வாயில் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. 'ஃபிலெயோ' என்று மூன்று முறை பதில் சொன்ன பேதுரு, அந்த ஃபிலெயோவோடுதான் ஜீவனைக் கொடுக்கப் போனார். அதைவிடப் பெரிய அன்பு இல்லை என்று சொன்னவர் கர்த்தர்.

போதகர்களை வருந்திக் கேட்டுக்கொள்கிறேன்: அந்தக் கிரேக்கப் படிக்கட்டைப் பிரசங்க மேடையிலிருந்து இறக்கிவிடுங்கள். தன்னிடம் இருப்பது வெறும் பாசம் என்று சொல்லிப் போன அந்த அம்மாவைப் போன்றவர்கள் உங்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேதுருவிடம் இருந்ததும் அதுதான். அதை நம்பித்தான் ஆண்டவர் தம் ஆடுகளை அவரிடம் கொடுத்தார்.